ஏழாவது முறை வந்த ஃபேன்

"சார், இந்த ஃபேன் இன்னிக்கோட சேர்த்து ஏழாவது தடவை வருது" என்றாள் ரிஜிஸ்டர்.

ரிஜிஸ்டர் என்பது கூட வேலை பார்க்கும் பசங்கள் அவளுக்கு வைத்த பெயர். முதுகுக்குப் பின்னால் மட்டும்தான் சொல்வார்கள். அவளுக்குத் தெரியாது என்று நினைப்பு.

பூமி சூடாவதைக் குறைக்கப் பாடுபடும் அந்தச் சின்ன அமைப்பை நடத்துவது முழுக்க இளவட்டங்கள். சனிக்கிழமை காலையில் ரிப்பேரான சாமானைக் கொண்டுவந்தால் சும்மாவே சரிசெய்து தருவார்கள். பழசு குப்பைக்குப் போகாமல் இருந்தால், புதுசு செய்யும்போது எழும் புகை மிச்சம்.

உள்ளே ஏழெட்டுப் பேர் கூத்தும் கும்மாளமுமாக ரிப்பேர் பார்ப்பார்கள். வாசலில் இவள் மட்டும் தனி மேஜையில், வருகிற சாமானையெல்லாம் ரிஜிஸ்டரில் எழுதிக்கொண்டு. வருகிறவர்கள் எதிர் நாற்காலியில் உட்கார்ந்து, சாமான் கைக்கு வரும்வரை காத்திருக்க வேண்டும். பெரும்பாலும் போனை நோண்டிக்கொண்டு இருப்பார்கள்.

ஃபேன்காரர் மட்டும் பேசுவார். ரிட்டயரான பஸ் கண்டக்டர்.

"ஏழு தடவையா? என் சர்வீஸ்ல ஒரே ஆளு ஏழு ஸ்டாப்புக்கு ஏழு டிக்கெட் வாங்கினதும் உண்டும்மா. அது கிடக்கட்டும், உன் ரூம்ல குழாய் ஒழுகுதுன்னியே, நின்னுச்சா?"

"நிக்கல சார். கீழ பக்கெட் வச்சிருக்கேன். அந்தச் சத்தம்தான் எனக்கு இப்போ துணைக்கு."

சொல்லிவிட்டு அவளே சிரித்தாள். வாரம் பூராவும் வாடகை அறையில் கம்ப்யூட்டரோடு வேலை. ஞாயிறு முதல் வெள்ளி வரை அவள் தொண்டைக்கு லீவுதான். அண்ணன் போன் பண்ணி மாசம் மூன்றாகிறது. ஃபேன்காரரிடம் இதைச் சொல்லலாம், அதைச் சொல்லலாம் என்று வாரமெல்லாம் அவள் சேர்த்துவைப்பது அவளுக்கே தெரியாது.

ஆனால் இன்று ஒரு முடிவோடு வந்திருந்தாள். மேஜை டிராயரிலிருந்து ஸ்க்ரூடிரைவரை எடுத்து, ஃபேனின் பிளக்கை அவளே திறந்தாள். ஒயர் கருகவில்லை, அறுந்துபோகவும் இல்லை. ஸ்க்ரூவை யாரோ நிதானமாகக் கழட்டியிருந்தார்கள்.

"இது தானா கழன்றது இல்ல சார்."

ஃபேன்காரர் மேலே சுவரைப் பார்த்தார். திருட்டுத்தனம் செய்துவிட்டு மாட்டிக்கொண்ட குழந்தை முழிப்பது மாதிரி இருந்தது.

"மாசாமாசம் எத்தனை சாமானைக் காப்பாத்தினோம்னு நான் ரிப்போர்ட் அனுப்பணும். ஒரே ஃபேனை ஏழு தடவை எழுதினா பொய்க்கணக்கு ஆயிடும். அடுத்த வாரம் இதை எடுத்துட்டு வராதீங்க. தப்பா நினைக்காதீங்க."

"இதுல என்னம்மா இருக்கு" என்றார் அவர். ஃபேனைத் தூக்கிக் கக்கத்தில் வைத்துக்கொண்டார். படியில் ஒருமுறை திரும்பிப் பார்த்தார். "குழாய்க்கு ஒரு வாஷர் வாங்கிப் போடு. பத்து நிமிஷ வேலைதான்."

எதிர் நாற்காலி காலியானது. அவளுக்கு என்னவோ போலிருந்தது. நியாயத்தைத்தானே சொன்னோம், பிறகு என்ன என்று தன்மேலேயே கோபம் வந்தது.

அந்தக் கோபத்தோடு, ரிஜிஸ்டரும் கையுமாக உள்ளே போனாள். டெஸ்டர் ஒரு அயர்ன் பாக்ஸைப் பிரித்துக்கொண்டிருந்தான். பாலிடெக்னிக் மாணவன். சட்டைப்பையில் எப்போதும் டெஸ்டர் இருப்பதால் அந்தப் பெயர்.

"ஒரு ஸ்க்ரூ டைட் பண்ண ரெண்டு நிமிஷம் போதும். வாரா வாரம் அரை மணி நேரம் அந்த ஃபேனை வச்சு என்ன பண்ணே? ஊமைக்கோட்டான் மாதிரி இருந்துட்டு, அவர் வேணும்னே கழட்டறார்னு என்கிட்ட சொல்லல பாரு!"

டெஸ்டர் கழட்டிவைத்த ஸ்க்ரூக்களை எண்ண ஆரம்பித்தான்.

"இனிமே வர வேணாம்னு சொல்லிட்டேன். பாவம்தான், இல்லேங்கல. வீட்டில பேச ஒரு ஜீவன் இல்லாம இங்க ஓடி வர்றார். அதுக்காக ரிஜிஸ்டர்ல பொய் எழுத முடியுமா?"

"வர வேணாம்னு சொல்லிட்டீங்களா?" டெஸ்டர் எழுந்தே விட்டான். "அக்கா, வீட்டில எத்தனை பேர்னு ஒரு கட்டம் இருக்குமே, அதில அவருக்கு என்ன எழுதியிருக்கீங்க?"

புரட்டிக் காட்டினாள். ஏழு வாரமும் அந்தக் கட்டத்தில் 'ஒன்று'.

"அவரே சொன்னாரா?"

அவள் தடுமாறினாள். புள்ளி, கமா வரை கேட்டுக் கேட்டு எழுதுகிறவள், அந்த ஒரு கட்டத்தை மட்டும் கேட்காமலே நிரப்பியிருந்தாள். "தனியா இருக்கறவர்கிட்ட அதைப் போய் எப்படிக் கேக்கறது? கேட்டா எவ்வளவு வலிக்கும்னு எனக்குத் தெரியும்."

"அக்கா, அவர் எங்க தெருதான். வீட்டில ஒன்பது பேர். சனிக்கிழமைன்னா பேரன் பேத்தி எல்லாம் அவரைப் பிச்சு எடுக்கும். அதுங்களை ஏமாத்திட்டுத்தான் இங்க வர்றார்."

"அப்போ எதுக்குத்தான் வர்றார்?"

உள்ளே கும்மாளம் நின்றுபோயிருந்தது. எல்லோரும் கையிலிருந்த வேலையைப் பார்ப்பது போலக் குனிந்துகொண்டார்கள். டெஸ்டர் தலையைச் சொறிந்தான்.

"ஸ்க்ரூவைக் கழட்டிட்டு வாரா வாரம் வாங்கன்னு அவர்கிட்ட கேட்டுக்கிட்டதே நான்தான்க்கா. முதல் வாரம் அவரோட பேசறப்பதான், நீங்க சிரிச்சு நாங்க பார்த்தோம்."