ஓசி ஆட்டக்காரன்

"ஒத்தப் பைசா போடாம சீட்டு ஆட வந்துட்டான், ஓசி!" பக்கத்து மாடியிலிருந்து பிரகாஷ் கத்தினான்.

காவலூரில் அவனும் தமிழ்மணியும் பங்காளிகள். இரண்டு மாடிக்கும் நடுவே ஒரு மதில். அதைவிட உயரமாகப் பகை.

காயப்போட்ட சாமைக்குக் காவலாக, தமிழ்மணி வழக்கம்போல் வெயிலையும் பாராமல் அந்த மதிலை ஒட்டியே உட்கார்ந்திருந்தான். செல்போன் சீட்டு விளையாட்டு அவனுக்குப் புதிது. தினமும் இலவசமாகக் கிடைக்கும் சீட்டுகளைப் பொறுமையாகச் சேர்த்து வைத்திருந்தான். பிரகாஷோ பணம் கட்டி யானை, ராஜா என்று வாங்கிக் குவித்தவன்.

"தோத்தவன் போன்ல இருந்து ஆட்டத்தையே அழிச்சிடணும். இன்னா, சம்மதமா?" என்று பிரகாஷ் சவால் விட்டான்.

"அழிக்கிறதுக்கு நீ ரெடியா இரு."

ஆட்டம் சூடு பிடித்தது. பிரகாஷின் யானை விழுந்தது. ராஜாவும் சாய்ந்தார். தமிழ்மணியின் கையில் இன்னும் ஒரு சீட்டு இருந்தது. அதைப் போட்டால் வெற்றி.

"காசு கொட்டினா மூளை வருமாடா?" என்று சிரித்தான்.

பிரகாஷ் தடதடவென்று படியிறங்கி ஓடும் சத்தம் கேட்டது. "ஆடினதே போதும்!" என்ற கத்தலும், எதையோ பிடுங்கி எறிந்த சத்தமும் தொடர்ந்தன.

தமிழ்மணி சீட்டைத் தொட்டான். அது நகரவில்லை. திரையில் வட்டம் மட்டும் சுற்றியது.

"அடப்பாவி, ஜெயிக்கிற நேரத்துல நின்னுபோச்சே!" என்று தன்னை மறந்து அலறினான்.

மறுபடி மாடியேறி வந்த பிரகாஷின் தலை மதிலுக்கு மேலே மெதுவாக எழுந்தது.

"என் வூட்டு வைஃபைய நான் புடுங்குனா, உனக்கு ஏன்டா ஆட்டம் நிக்குது?"