காக்கா விரட்டிய வேட்டு

டுமீல்!

முகேஷ்குமார் பதறிப்போய் மேஜைக்கு அடியில் புகுந்தான்.

"ஏலே மாப்ள, வெளிய வா. செல்போன்ல கேட்ட சத்தம்டா இது," என்று சிரித்தான் பழனிக்குமார்.

திண்டுக்கல்லில் அந்தக் கலையரங்கத்துக்கு அவன்தான் மேனேஜர். முகேஷ், அவன் தங்கை சுகன்யாவின் புருஷன். அன்று சாயங்காலம் அரங்கத்தில் ஒரு பழைய படம். தமிழ் சினிமா பேச ஆரம்பித்த புதிதில் வந்த, பாட்டும் கூத்துமான சிரிப்புப் படம். அதன் வீடியோ கேசட்டிலிருந்து எடுத்த ஒரு பாட்டைத்தான் பழனி செல்போனில் ஓடவிட்டிருந்தான்.

"பாட்டுக்கு நடுவுல துப்பாக்கி எதுக்கு மச்சான்?"

"அப்பல்லாம் வெட்டவெளியில, வெயில்ல வச்சுத்தான் படம் எடுப்பாங்க. நடிக்கிறவங்களே பாடணும், அங்கனயே பதிவாகும். ஊடால காக்கா கத்தும்ல? அதை விரட்ட ஒருத்தன் துப்பாக்கியோட நிப்பான். அவன் சுட்டதும் சேந்து பதிவாயிருச்சு."

"சரி, அதுக்கும் நமக்கும் என்ன?"

விஷயம் அங்கேதான் இருந்தது. படத்தின் கதாநாயகியுடைய பேத்தி ஐரின், படத்தையும், பாட்டி அதில் கட்டி ஆடிய தங்க ஒட்டியாணத்தையும் சென்னையிலிருந்து கொண்டுவந்திருந்தார். படம் முடிந்ததும் மேடையில் காட்டுவதற்காக, திரைக்குப் பின்னால் உள்ள அறையில், இரும்புப் பெட்டிக்குள் ஒட்டியாணம் இருந்தது. சாவி ஐரினிடம். விடிந்தால் ஒட்டியாணம் ரயிலேறிப் போய்விடும்.

"நம்ம ஊருப் பூட்டு மாப்ள. கள்ளச்சாவி, கம்பி எதுக்கும் மசியாது. சம்மட்டியால ஒரே போடு, கொண்டி தெறிச்சிரும். சத்தத்தை மறைக்கத்தான் படம் இருக்கே!"

"மாட்டுனோம்னா உங்க தங்கச்சி என்னையக் கொன்னே போட்டுருவா."

"படத்துல கழுதைக்கு மாலை போட்டு அந்தம்மா பாடும். 'கல்யாணம்'னு இழுத்து முடிக்கவும் டுமீல். நீயும் அதோட சேத்துப் போட்டுரு. ரெண்டாவது அடிக்கு வேட்டு கெடையாது, பாத்துக்க."

படம் தொடங்கியது. இருட்டறையில் இருவரும் காத்திருந்தார்கள். திரைக்கு அந்தப் பக்கம் அரங்கமே குலுங்கிச் சிரித்தது. கழுதை வந்தது. பாட்டு வந்தது. கேசட்டில் கேட்ட கரகரப்பே இல்லை. அந்தம்மா பக்கத்தில் நின்று பாடுவதுபோல இருந்தது.

"நம்ம அரங்கத்து ஸ்பீக்கர்னா சும்மாவா!" என்று கிசுகிசுத்தான் பழனி.

'கல்யாணம்' என்று இழுத்து முடித்தார் கதாநாயகி.

முகேஷ் கண்ணை மூடிக்கொண்டு சம்மட்டியை இறக்கினான்.

டமார்!

கொண்டி தெறித்தது. ஒட்டியாணத்தைத் துண்டில் சுருட்டி முகேஷின் சட்டைக்குள் திணித்துவிட்டு, பழனி கதவைத் திறந்தான்.

வாசலில் ஐரின். அவருக்குப் பின்னால் அரங்கத்தின் சொந்தக்காரர் முகமது பாரூக். அவரையும் தள்ளிக்கொண்டு வந்தார், பாதுகாப்புக்கு வந்திருந்த ஏட்டம்மா முத்துப்பேச்சி. படம் நின்று, விளக்குகளெல்லாம் எரிந்துகொண்டிருந்தன.

"உள்ள என்னய்யா அம்புட்டுச் சத்தம்?"

பழனி அசரவில்லை.

"அது படத்துல வர்ற சத்தம் மேடம். அந்தக் காலத்துல காக்கா விரட்டச் சுட்ட வேட்டு. நானே எத்தனையோ தடவை கேட்டிருக்கேன்."

ஐரின் அவனை ஏற இறங்கப் பார்த்தார்.

"அந்தக் காக்காயையும் வேட்டையும் கம்ப்யூட்டர்ல வச்சுச் சுத்தமா அழிக்கத்தாங்க எங்களுக்கு ஒரு வருஷம் ஆச்சு!"