சண்டை போட்டால்தான் கேட்கலாம்

"அத்தனையும் முத்தல் வெண்டைக்காய்! உங்களுக்குக் கண்ணு எங்க போச்சு?"

"ஆஸ்பத்திரிக்குப் போய்ட்டு வந்த மனுசன்கிட்ட முதல்ல வெண்டைக்காயா? டாக்டரு ரிசல்ட்டப் பார்த்துட்டு..."

"நுனிய ஒடிச்சுப் பார்த்து வாங்கணும்னு எத்தனை தடவை சொல்ல!"

வடிவும் அவள் கணவர் தாணுமாலயனும் இப்படிக் கத்தினால்தான் விஷயம் பேச முடியும். ஒருவர் பேச மற்றவர் வாய்மூடிக் கேட்டால் போதும், வீட்டுச் சுவரில் பதித்த திரையில் முதலமைச்சர் பேச வந்துவிடுவார். எழுதிக் காட்டினாலும் வருவார். யார் கவனம் எங்கே குவிந்தாலும் அது அவருக்கு வேண்டும். அதை அவரிடமிருந்து பிடுங்கிக்கொள்ள எதிர்க்கட்சித் தலைவர் காத்திருப்பார். அதனால் ஊரில் நல்லது கெட்டதெல்லாம் சண்டைக்கு நடுவில்தான் சொல்லப்பட்டது.

"தொண்டையில இருக்கது புத்துநோய்தான்னுட்டாரு, வடிவு."

இத்தனை வருடப் பழக்கமும் மறந்து, வடிவு வாயை மூடிவிட்டாள்.

"அன்பான வாக்காளப் பெருமக்களே!" என்றது சுவர். முதலமைச்சர் வீட்டுக்கொரு ஏசி அறிவித்தார். அவர் முடிப்பதற்குள் எதிர்க்கட்சித் தலைவர் குறுக்கே வந்து இரண்டு என்றார். முதலமைச்சர் திரும்பி வந்து மூன்றாக்கினார். தாணுமாலயனின் உதடுகள் அசைந்துகொண்டிருந்தன. வடிவுக்கு ஒரு சொல்லும் கேட்கவில்லை.

ஒருவழியாகச் சுவர் ஓய்ந்தது. தாணுமாலயன் நாற்காலியில் சரிந்து அவளையே பார்த்தார். வடிவு கைக்குக் கிடைத்த தட்டைத் தூக்கித் தரையில் அடித்தாள்.

"என்னையே பார்த்துட்டு இருக்காதீங்க! எங்க அப்பாவச் சொல்லித் திட்டுங்க, என் சமையலச் சொல்லித் திட்டுங்க! இன்னும் எத்தனை நாள்னு டாக்டரு சொன்னத நான் கேக்க வேண்டாமா?"