பொலிவியாவுக்குக் கீழே

"வெட்கமா இல்லையா மேடம்? ரெண்டு வருஷத்துல ஒரு கட்டுரைகூட இல்ல. உங்களை மாதிரி ஆளுங்களாலதான் நாம பொலிவியாவுக்குக் கீழே கிடக்கோம்!"

துணைவேந்தர் காபான்யாஸ் மேசையைத் தட்டினார். அசுன்சியோனின் டிசம்பர் வெயில், காலையிலிருந்து கரண்ட் வேறு இல்லை. ஆட்சிக்குழு உறுப்பினர்களான நாங்கள் எல்லோரும் கூட்டக் குறிப்பை மடித்து விசிறிக்கொண்டிருந்தோம். அந்தத் தாளுக்கு அதைவிட நல்ல உபயோகம் கிடையாது.

சுவரில் அவருடைய வரைபடம் தொங்கியது. தென் அமெரிக்காவில் எந்த நாடு எத்தனை ஆராய்ச்சிக் கட்டுரை எழுதுகிறது என்று நாட்டுக்கு ஒரு கோடு. பிரேசிலின் கோடு தாளில் அடங்காமல், மேலே இன்னொரு தாளை ஒட்டியிருந்தார்கள். எங்கள் பராகுவேயின் கோடு கண்ணாடி போட்டவர்களுக்கு மட்டும் தெரிந்தது. அதைவிட ஒரு விரற்கடை உயரமாக பொலிவியா.

அந்த விரற்கடைதான் துணைவேந்தரின் தூக்கத்தைக் கெடுத்தது. ஜனத்தொகையால் வகுத்துப் பார்த்தார். உருகுவே எங்கேயோ போய்விட்டது, நாங்கள் இருந்த இடத்திலேயே இருந்தோம். மாடுகளால் வகுத்துப் பார்த்தபோது இன்னும் கீழே போனோம். எங்களிடம் மாடு அதிகம்.

கடைசியில் 'நாம் ஏன் பின்தங்கினோம்?' என்று தானே ஒரு கட்டுரை எழுதினார். அதையும் மூன்று துண்டாக வெட்டி, மூன்று இதழ்களில் போட்டுக்கொண்டார். எங்கள் பல்கலைக்கழகத்தில் இந்த வருடம் நடந்த ஆராய்ச்சி அவ்வளவுதான்.

எதிரே நின்ற டாக்டர் நிமியா, மாடுகளின் ரத்தம் குடித்து வெறிநோய் பரப்பும் வௌவால்களை ஆராய்கிறவர். இரண்டு வருடமாக சாக்கோ முட்காட்டில் அவை அடையும் பாழுங்கிணறு கிணறாக இறங்கியவர்.

"பாதிக் கட்டுரை எழுதிட்டேன் சார். போன மாசம் நான் காட்டுல இருந்தப்ப ஃப்ரீசர் நின்னுபோயிருக்கு. வந்து பார்த்தா வௌவால் சாம்பிள் குப்பிங்க எல்லாம் உருகி, மறுபடி உறைஞ்சு கிடக்கு. ஒண்ணுகூட உதவாது. அந்த ஃப்ரீசரை இனிமே நம்ப முடியாது. வேற ஒண்ணு வாங்கித் தந்தீங்கன்னா மறுபடி காட்டுக்குப் போறேன்."

"பாத்தீங்களா? வேலை செய்யாதவங்களுக்கு மட்டும் எப்பவும் ஒரு மெஷின் கெட்டுப்போகும்."

சிரித்தோம். துணைவேந்தர் சொல்லிச் சிரிக்காமல் இருக்க முடியுமா?

"என் பண்ணையில கன்னுக்குட்டிங்க சாகுது டாக்டரம்மா," என்றார் தோன் ருஃபினோ. குழுவில் பண்ணையார்களின் பிரதிநிதி. "நீங்க வௌவாலைத் தாலாட்டிக்கிட்டா இருந்தீங்க?"

நிமியாவின் கண் கலங்கியது.

துணைவேந்தர் தீர்மானத்தைப் படித்தார். நிமியாவின் வேலை இந்த மாதத்தோடு முடிகிறது. அவருடைய ஆய்வுக்கூடத்தைக் காலி செய்து, அங்கே 'நாடுகள் ஒப்பீட்டு மையம்' அமைக்கப்படும். மையத்தின் தலைவர், காபான்யாஸ்.

"கை தூக்குறதுக்கு முன்னாடி ஒரு சுற்று தெரெரே குடிச்சிடலாமே?" என்றார் தோன் ருஃபினோ.

செயலாளர் சுனில்டா கொண்டுவந்தாள். கொம்புக் குவளையில் யெர்பா இலை, மேலே சில்லென்ற தண்ணீர். எல்லோருக்கும் ஒரே குவளை, ஒரே உறிஞ்சுகுழல். முதல் குவளை துணைவேந்தருக்கு, இரண்டாவது தோன் ருஃபினோவுக்கு.

"ஆகா! ஊரே வெந்துக்கிட்டிருக்கு, இதுல ஐஸ் கட்டி மிதக்குதே! கரண்ட் இல்லாம இது எங்கம்மா கிடைச்சுது?" என்றார் தோன் ருஃபினோ.

சுனில்டாவின் முகம் மலர்ந்துவிட்டது. அந்த அறையில் அவளை யாரும் பாராட்டியதே இல்லை.

"டாக்டரம்மா ஃப்ரீசர்லேருந்துதான். ஜெனரேட்டர்ல ஓடுறது அது ஒண்ணுதானே? சார் கட்டுரை எழுதினப்போ ஆரம்பிச்சது. ஐஸ் இல்லேன்னா அவருக்கு ஒரு வரிகூட ஓடாது."

நிமியா மெல்லக் கேட்டார். "அது நின்னு போகலியா?"

"நிக்கறதா? ஜம்முனு ஓடுது."

"சுனில்டா... அப்போ அது நிறைய என் குப்பிங்க இருந்துச்சே. உனக்கு இடம் ஏது?"

"எடுத்து ஜன்னலோரம் வச்சேன். நீங்க ஊர்லேருந்து வர்றதுக்குள்ள, ஒண்ணு விடாம மறுபடி உள்ளே அடுக்கிட்டேனே! ஏன், ஏதாச்சும் உடைஞ்சிருந்துச்சா?"

விசிறிகள் நின்றன.

"யாரைக் கேட்டு எடுத்தே?" துணைவேந்தர் துள்ளி எழுந்தார்.

"உங்களைத்தான் சார். 'வௌவால் எச்சில்தானே, தூக்கி ஓரமா வை'ன்னு நீங்கதானே சொன்னீங்க?"

தோன் ருஃபினோ வாயிலிருந்ததைத் துப்ப இடம் தேடினார். ஜன்னலுக்கு ஓடினார்.

துணைவேந்தர் கைக்குட்டையால் கழுத்தைத் துடைத்துக்கொண்டார். "சரி, சரி. சின்ன விஷயத்துல நம்ம கவனம் சிதறக் கூடாது. இது நாட்டோட மானப் பிரச்சினை. எங்கே, தீர்மானத்துக்குக் கை தூக்குங்க."

ஒரு கையும் எழவில்லை. எனக்கும் திடீரென்று தோள் வலித்தது.

அவர் விடவில்லை. "அப்போ எப்பத்தான் பொலிவியாவை முந்துறது? நாம ஏன் பின்தங்கினோம்னு இன்னும் ஆழமா ஆராய வேண்டாமா?"

நிமியா, தோன் ருஃபினோ விட்டுவிட்டுப் போன குவளையை எடுத்து அவர் முன்னால் வைத்தார்.

"ஆராயவே வேண்டாம் சார். காரணம் இதுக்குள்ளதான் மிதக்குது. உருகறதுக்குள்ள பாத்துக்குங்க."