உள்ளே இருப்பவன்

திங்கள்கிழமை கையெழுத்துப் போட வந்த வெல்டர், பரோல் அதிகாரியின் அறை வாசலிலேயே நின்றான். கதவு திறந்துதான் கிடந்தது. சிறையிலிருந்து வருபவர்களுக்கு யாராவது சொன்னால்தான் வாசலைத் தாண்டக் கால் வரும். அவள் அவனைக் கூப்பிட்டு உட்காரவைத்து டீ கொடுத்தபோது ஜெயிலரிடமிருந்து போன் வந்தது.

“மேடம், காலையில ஆள் எண்ணினோம். ஒருத்தன் கூடுதலா இருக்கான். பரோல்ல உங்ககிட்ட அனுப்பினோமே, அந்த வெல்டர்தான். கைரேகையும் பாத்தாச்சு.”

“அவரு இங்க என் எதிர்ல டீ குடிச்சிட்டிருக்காரு.”

“அப்ப அவரத் திருப்பி அனுப்புங்க. ரெண்டு பேர் எப்படி இருக்க முடியும்?”

“வெளிய வந்தவர் வெளியதான் இருப்பாரு. உங்க கணக்கு உதைச்சா அது உங்க தலைவலி. அனுப்ப மாட்டேன், ஆனதப் பாத்துக்குங்க!”

போனை டொக்கென்று வைத்தாள். வெல்டர் மிரளவே இல்லை. டம்ளரை மெதுவாகக் கீழே வைத்தான்.

“உள்ள இருக்கறவனுக்கு எப்ப மேடம் பரோல் கிடைக்கும்?”

அவள் புது மனு ஒன்றை எடுத்துப் பேனாவைத் திறந்தாள்.

“இப்பவே போடுறேன். எவன் தடுக்கறான்னு பாத்துடறேன். வெளிய வந்தா எங்க தங்குவாரு?”

“எங்க வீட்டுலதான் மேடம். என் பொண்டாட்டி இன்னும் அவனுக்காகத்தான் காத்திட்டிருக்கா.”