கண்டக்டர் கல்லு

கல்லறையைப் பார்த்ததும் வெள்ளைக்கார அம்மா மண்டியிட்டு அழத் தொடங்கினாள்.

வழி காட்டிக் கூட்டிவந்த கணபதி ஓரடி பின்வாங்கினான். குட்டு வெளிப்பட்டுவிட்டது என்றே நினைத்தான்.

இலங்கை மலையகத்தில், தெமோதரைக்கு மேலே, தேயிலைக்கு நடுவில் கிடந்த அந்தப் பழைய மயானத்தில் இந்த ஒரு கல்லறையின் மேல் மட்டும் இடுப்பளவு கல் குவிந்திருந்தது. தலைமாட்டுக் கல் மாத்திரம் வெளியே தெரிந்தது. தோட்டத்தில் அதற்குப் பெயர் கண்டக்டர் கல்லு. கொழுந்துக்குப் போகிற பெண்கள் ஒரு கல்லை விட்டெறியாமல் அதைத் தாண்டுவதில்லை. எறியும்போது வாயில் வருவதை எழுத்தில் எழுத முடியாது.

மலையில் நின்று வேலை வாங்குகிற உத்தியோகத்தர்தான் தோட்டத்துக்குக் கண்டக்டர். முன்னொரு காலத்தில் பிரம்புக் கண்டக்டர் என்று ஒரு பறங்கி இருந்தான். கொழுந்து குறைந்ததென்று நிறைமாதக்காரி ஒருத்தியை அடித்தான். அவள் மலையிலேயே செத்துப்போனாள். அவள் கணபதியின் தாய் கருப்பம்மாவுக்கு அக்காள்.

அவனும் ஒருநாள் செத்தான். இங்கேதான் புதைத்தார்கள். எந்தக் குழி என்று எவருக்கும் தெரியாது.

கண்டுபிடித்துக் கொடுத்தவன் கணபதி. ஐந்தாம் வகுப்புப் படிக்கையில், கண்டக்டர் வீட்டு வாசல் பலகையிலிருந்த ஆங்கில எழுத்துகளைத் தாளில் வரைந்து கொண்டுவந்து ஒவ்வொரு கல்லாக ஒத்துப் பார்த்தான். இந்தக் கல்லின் கடைசி வரி எழுத்துக்கு எழுத்து பொருந்தியது. மீதிக் கற்களைப் பார்க்காமல் வீட்டுக்கு ஓடினான்.

முதல் கல்லை அம்மா எறிந்தாள். அன்றைக்குத்தான் அவள் வயிறார உண்டாள்.

பக்கத்துக் கல்லறை பாசி பிடித்து, மண்ணில் பாதி இறங்கிக் கிடந்தது. இந்தப் பாவிக்குப் பக்கத்தில் யாரோ ஓர் அநாதை கிடக்கிறதே என்று அம்மாவுக்கு மனம் பொறுக்கவில்லை. வெள்ளிக்கிழமை தவறாமல் அதற்குப் பூ வைத்துச் சூடம் கொளுத்திவந்தாள்.

வெள்ளைக்கார அம்மா அழுதபடியே ஏதோ சொன்னாள். பண்டாரவளையிலிருந்து கூட வந்திருந்த வதனி டீச்சர் அதைத் தமிழில் சொன்னாள்.

இந்த அம்மா அயர்லாந்துக்காரி. கல்லறைக்குள் இருப்பவர் அவளுடைய தாய்மாமன். பாட்டுகளுக்கு மெட்டமைத்தவர். பெரிய வாத்தியக் குழுவுக்கு முன்னால் நின்று, சின்னக் கோலொன்றை அசைத்து எல்லாரையும் சேர்ந்து வாசிக்கவைத்தவர். ஆங்கிலத்தில் அவருக்கும் கண்டக்டர் என்றுதான் பெயர்; கல்லின் கடைசி வரியிலும் அந்தச் சொல்தான் இருந்தது. நெஞ்சு நோய்க்கு மலைக்காற்று நல்லதென்று வந்து, மூன்றே மாதத்தில் இறந்துபோனார்.

அந்தக் கோல் யாரையும் அடித்ததில்லை. பழி ஓரிடம், பாவம் ஓரிடம்.

“அவையின்ர ஊர்ப்பக்கம், மனசுக்குப் பிடிச்ச ஆக்களின்ர குழியில போறவாற சனம் ஒரு கல்லு வைக்குமாம். இவ்வளவு சனம் மாமாவை மறக்கேல்லையே எண்டுதான் அழுகிறா,” என்றாள் டீச்சர்.

கணபதி குவியலைப் பார்த்தான். நாற்பது வருஷத்துக் கல் அத்தனையும் தன் நெஞ்சில் ஏறியது போலிருந்தது.

“ஆமாங்க டீச்சர். ஒருத்தரும் மறக்கலைங்க.”

வெள்ளைக்கார அம்மா அவன் கையைப் பிடித்துக் கண்ணில் ஒற்றிக்கொண்டாள். பிறகு கீழே கிடந்த கல்லொன்றை எடுத்து, குவியலின் மேல் சத்தமில்லாமல் வைத்தாள். கணபதியும் ஒன்றை எடுத்து வைத்தான். அவன் அந்தக் கல்லறையில் எறியாமல் வைத்த முதல் கல் அது.

வதனி டீச்சர் அதற்குள் பக்கத்துக் கல்லறைக்குப் போயிருந்தாள். வாடிய செவ்வந்திகளை ஒதுக்கி, குச்சியால் பாசியைச் சுரண்டி, அடிமண்ணைத் தள்ளி வாசித்தாள்.

“இவர்தான் உங்கட தோட்டத்துக் கண்டக்டர். முப்பது வருசம் வேலை செய்தவராம். ஆர் இதுக்குப் பூ வைக்கிறது?”

கணபதி கீழே பாதையைப் பார்த்துக்கொண்டு நின்றான்.

அன்று வெள்ளிக்கிழமை. கருப்பம்மா மூச்சு வாங்க வாங்கப் படியேறி வந்துகொண்டிருந்தாள். ஒரு கையில் செவ்வந்திப் பூ இருந்தது. மறு கையில், வழியில் பொறுக்கிய கல்.