அந்நியத் தலையீடு

புதிதாக விடுதலை பெற்ற நாடுகளில் அந்நியர் எப்படியெல்லாம் மூக்கை நுழைக்கிறார்கள் என்று ஆயுசெல்லாம் ஆராய்ந்தவர் பேராசிரியர் ஜூலியன். ரெட்டியார்பாளையம் வீட்டில் இப்போது தனியாள். பிரான்சில் இருக்கும் மகள் பிரிஸ்கில்லா மாட்டிவிட்டுப் போன கேமரா, கூடத்துச் சுவரிலிருந்து அவரையே பார்த்துக்கொண்டிருந்தது.

விருட்டென்று எழுந்துபோய் அதன் ஒயரைப் பிடுங்கினார்.

"மறுபடியுமா சார்? அக்கா கோச்சுக்கப் போறாங்க" என்றாள், சமையல் செய்யும் பார்வதி.

"சுதந்திரமா இருக்கிற எடத்துல வெளியாளுக்கு என்ன வேலை? இதைப் பத்திப் புஸ்தகமே எழுதினவன் நான்!"

"அப்ப ஒரேயடியா கழட்டிக் கடாசிடலாமே!"

அதற்குள் போன் அடித்தது.

"பப்பா! கேமரா ஆஃப் ஆயிடுச்சே, விழுந்து கிழுந்துட்டீங்களா?" பிரிஸ்கில்லாவின் குரல் பதறியது.

"ஒண்ணுமில்லம்மா, ஒயர் லூசு. நீ சாப்ட்டியா? அங்க குளிரா? புள்ளைங்க எப்படி இருக்கு?" கேள்விகள் வந்துகொண்டே இருந்தன. அவள்தான் அவசரமாகப் போனை வைத்தாள்.

ஜூலியன் ஒயரைப் பழையபடி சொருகினார்.

"எதுக்கு சார் திரும்ப மாட்டுறீங்க?"

"மாட்டி வச்சாத்தானே மறுபடி பிடுங்க முடியும், பார்வதி? இது ஓடுனா பாத்துட்டுப் போயிடுறா. நின்னாத்தான் பேசுறா."